மைனஸ் எண்பதில் ஒரு மூளை

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய மாணவர்கள், பென்ஷன், ஏரி, மழை என்று எழுதுவேன். இன்று கொஞ்சம் கனமான விஷயம். இறந்துபோன ஒருவரின் மூளையை எடுத்து, கடுங்குளிரில் உறையவைத்து, ஆராய்ச்சிக்காகப் பல வருடங்கள் பாதுகாத்து வைப்பது பற்றி. பதிவு நீளம். சாப்பாட்டு நேரத்தில் படிக்க வேண்டாம். ஆனால் படித்துவிடுங்கள்.

இது எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்த இடைநிலை ஆசிரியை. ஆறாம் வகுப்பு அறிவியலைத் தாண்டி நான் பாடம் எடுத்ததில்லை. காரணம் வீட்டில் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று நம் பக்கம் சொல்வார்கள்.

அவர் ஃபிட்டர். ஐடிஐ படித்துவிட்டு முதலில் அம்பத்தூர், பிறகு ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனி. மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பும் ஆள். அந்தக் கைதான் இப்போது டம்ளரைப் பிடித்தால் பாதி காபி லுங்கியில். வலது கட்டைவிரலில்தான் முதலில் ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நாலு வேளை லெவோடோபா மாத்திரை. போட்டு முக்கால் மணி நேரத்தில் கை அடங்கும், நடை வரும். நேரம் தவறினால் வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுவார்.

ஒருநாள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, இதை எவன் கண்டுபிடிச்சான்? அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது என் மண்டைக்குள்ள என்ன குறையுதுன்னு?” என்று கேட்டார். தெரியாத கேள்விக்கு ‘நாளைக்குச் சொல்றேன்’ என்று சொல்லி, மறுநாள் நிஜமாகவே சொல்வது என் முப்பத்தைந்து வருடப் பழக்கம். அப்படித் தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் அந்த மாத்திரையின் கதை.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-ல் இந்த நோயை விவரித்து ஒரு சிறு நூல் எழுதினார். அதனால்தான் அவர் பெயர். காரணம் அவருக்கும் தெரியாது, அவருக்குப் பின் நூறு வருடங்களுக்கு மேல் யாருக்கும் சரியாகத் தெரியாது.

நடுவில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. பூனைக்காலி விதை தெரியும் அல்லவா? காயின் மேல் இருக்கும் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதேதான். 1937-ல் சென்னை சேப்பாக்கத்தில் இருந்த பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று அன்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. (இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடி வாங்கித் தின்னாதீர்கள். அளவு தெரியாமல் சாப்பிட்டால் ஆபத்து. ஏற்கனவே மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து.)

அடுத்தது வியன்னா, 1960. ஓலே ஹோர்னிகீவிச் என்ற விஞ்ஞானி, தன்னோடு வேலை செய்த எரிங்கர் என்பவருடன் சேர்ந்து, இறந்தவர்களின் மூளைகளை வாங்கிப் பரிசோதித்தார். நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளை ஒரு பக்கம், அந்த நோய் இல்லாமல் இறந்தவர்களின் மூளை ஒரு பக்கம். டோபமின் என்ற பொருள் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் ஒரு ரசாயனச் சோதனை. நோய் இல்லாதவர்களின் மூளைச் சாறு சிவந்தது. நோயாளிகளுடையது ஏறக்குறைய வெளுத்தே இருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்ததாம். அவர் பார்த்த பார்க்கின்சன் மூளைகள் எத்தனை தெரியுமா? வெறும் ஆறு. மறு வருடமே, 1961-ல், லெவோடோபாவை ஊசியாக நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். படுத்தவர்கள் எழுந்து நடந்தார்கள். பிறகு மாத்திரையாக வந்தது.

இதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ஆறு பேர் வீட்டுல ஒருத்தன் முடியாதுன்னு சொல்லியிருந்தா?” என்றார். அப்புறம் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சரி, மூளையை ஏன் உறையவைக்க வேண்டும்? பள்ளி ஆய்வகத்தில் பாட்டிலில் பாம்பு, தவளை போட்டு வைத்திருப்பார்களே, அந்த ஃபார்மலின் போதாதா?

வடிவத்தைப் பார்க்க ஃபார்மலின் போதும். அது மூளையைக் கெட்டியாக்கிவிடும், நூறு வருடம் கழித்துக்கூட மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அது புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துத்தான் கெட்டியாக்குகிறது. செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்தது என்று காட்டும் ஆர்என்ஏ அதில் சிதைந்துபோகும். டோபமின் மாதிரி சின்னச் சின்ன ரசாயனங்களை அளக்க முடியாது. வீட்டின் சுவர் எல்லாம் அப்படியே நிற்கும், அடுப்பில் என்ன கொதித்தது என்று மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூளையை ரசாயனத்தில் போடாமல், கெட்டுப்போக விடாமல், அப்படியே நிறுத்த வேண்டும். அதற்குக் குளிரை விட்டால் வேறு வழியில்லை.

குளிர் என்றால் எவ்வளவு குளிர்? நம் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறை மைனஸ் 18 டிகிரி. சாவு வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிறோமே ஃப்ரீசர் பாக்ஸ், அது உடம்பு ஓரிரு நாள் தாங்குவதற்கு மட்டும். ஆராய்ச்சிக்கு வைக்கும் மூளைத் துண்டுகளுக்கு மைனஸ் 80 டிகிரி வேண்டும். மைனஸ் 18-ல் கெட்டுப்போகும் வேலை மெதுவாகுமே தவிர நிற்காது. மைனஸ் 80-ல் ஏறக்குறைய நின்றுவிடும், வருடக்கணக்கில் வைக்கலாம்.

குளிர்விக்கும் வேகமும் முக்கியம். மூளையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும் என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால் வெடிக்கும் அல்லவா? மெதுவாக உறையவைத்தால் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் உருவாகி செல்லைக் குத்திக் கிழித்துவிடும். தக்காளியை ஃப்ரீசரில் வைத்து வெளியே எடுத்தால் கொழகொழ என்று ஆகிவிடுவது இதனால்தான். வேகமாக உறையவைத்தால் படிகங்கள் பொடிப்பொடியாக இருக்கும், சேதம் குறைவு.

அப்படியானால் மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனில் நேராக முக்கிவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். அதிலே ஒரு வேடிக்கை. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், துளி உடனே ஆவியாகாமல் உருண்டு உருண்டு ஓடுமே! துளிக்கும் கல்லுக்கும் நடுவே நீராவி ஒரு மெத்தை போட்டுவிடுகிறது. திரவ நைட்ரஜனுக்கு நம் உடம்புச் சூடே காய்ந்த தோசைக்கல்தான். திசுவைப் போட்டவுடன் சுற்றிலும் கொதித்து வாயு மெத்தை உண்டாகி, குளிர் உள்ளே போவதைத் தடுக்கும். அதனால் ஐசோபென்டேன் என்ற திரவத்தை முன்கூட்டியே நன்றாகக் குளிரவைத்து அதில் முக்குகிறார்கள். அது கொதிக்காமல் ஒட்டிக்கொண்டு குளிரைக் கடத்தும். படித்தபோது ஒரு பாட வேளை இந்தத் தோசைக்கல்லை வைத்தே ஓட்டியிருக்கலாமே என்று தோன்றியது.

மைனஸ் 80 பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று என் பழைய மாணவன் ஒருவனிடம் கேட்டேன். இங்கேதான் ஒரு கம்பெனியில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பராமரிக்கிறான். “டீச்சர், ஒரு கம்ப்ரசரால அவ்வளவு ஆழத்துக்கு இறங்க முடியாது. ரெண்டு வேணும். ஒண்ணு கீழேயிருந்து சூட்டை வாரி மேலே கொடுக்கும், அடுத்தது வாங்கி வெளியே கொட்டும்” என்றான். ஆழமான கிணற்றில் நடுப்படியில் ஒருத்தர் நின்று வாளியை வாங்கி மேலே கொடுப்பது போல. “கரன்ட் போச்சுன்னா?” என்றேன். “ஜெனரேட்டர் இருக்கணும், அலாரம் இருக்கணும், அலாரம் அடிக்குதான்னு பாக்க ஆள் இருக்கணும்” என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு ஒரு சம்பவம். 2012-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தோடு இணைந்த மெக்லீன் மருத்துவமனையின் மூளை வங்கியில் ஒரு ஃப்ரீசர் பழுதானது. அலாரம் அடிக்கவில்லை. வெளியே இருந்த மீட்டர் சரியான குளிர் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே உருகிக் கிடந்தது. ஏறக்குறைய 150 மூளைகள். அதில் ஐம்பதுக்கும் மேற்பட்டவை ஆட்டிசம் ஆராய்ச்சிக்காகக் குடும்பங்கள் கொடுத்தவை. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கத்தில் கையெழுத்துப் போட்ட பெற்றோர்கள்! ஆக, வாங்கி வைப்பது பெரிதல்ல. இரவு பகலாக, முப்பது வருடம், யாராவது காத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘உறையவைத்த மூளைக்குத் திரும்ப உயிர் வருமா?’ என்று பேரன் கேட்டான். நீங்களும் கேட்பீர்கள்.

நம் கால்நடை மருத்துவமனையில் சினை ஊசி போடும் டாக்டர், ஒரு கேனைத் திறந்தால் புகை மாதிரி வருமே, அதற்குள் இருப்பது திரவ நைட்ரஜன். அதில் மூழ்கியிருக்கும் சின்னக் குச்சிகளில் காளையின் விந்து. வருடக்கணக்கில் உறைந்து கிடந்தாலும் உருக்கினால் உயிரோடு இருக்கும். கிளிசரின் சேர்த்தால் விந்தணுக்கள் ஐஸ் படிகத்தில் சாகாமல் தப்பிக்கும் என்று 1949-ல் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அது ஒற்றைச் செல். மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான இணைப்புகளோடு. எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் கிளிசரினைக் கொண்டு சேர்த்து, ஒரே வேகத்தில் குளிர்வித்து, ஒரே வேகத்தில் உருக்கி எழுப்ப யாராலும் முடியவில்லை.

என்றாவது எழுப்புவார்கள் என்று நம்பி உடம்பையே உறையவைத்துக்கொள்கிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்ற அமெரிக்கரின் உடல் 1967 ஜனவரியிலிருந்து உறைந்து கிடக்கிறது. இன்னொரு வகை முயற்சியும் நடந்திருக்கிறது. 2016-ல் ஒரு முயலின் மூளையை முதலில் ரசாயனத்தால் நிலைநிறுத்தி, பிறகு எத்திலீன் கிளைக்கால் ஏற்றி, மைனஸ் 135 டிகிரியில் ஐஸ் படிகமே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஆக்கினார்கள். எத்திலீன் கிளைக்கால் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் கம்பெனிகளில் தயாராகும் கார்களின் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட்தான். இணைப்புகள் எல்லாம் கலையாமல் இருந்தன. 2018-ல் பன்றி மூளையிலும் செய்து பரிசு வாங்கினார்கள். ஆனால் அந்த ரசாயனம் ஏறிய மூளைக்கு உயிர் திரும்பாது. எழுதிய புத்தகத்தை லேமினேட் செய்து வைப்பது போல.

நான் இந்தப் பதிவில் பேசுவது அந்த ஆசையைப் பற்றி அல்ல. மூளை வங்கியில் வைக்கிற மூளை இறந்த மூளைதான். அது எழுந்து வராது. உயிரோடு இருக்கிற வேறு யாருக்கோ பதில் சொல்லும், அவ்வளவுதான்.

நம் நாட்டில் இது எங்கே நடக்கிறது? பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 1995-லிருந்து மனித மூளைத் திசு வங்கி இயங்குகிறது. நரம்பு நோயியல் பேராசிரியர் டாக்டர் எஸ். கே. சங்கர் முன்னின்று உருவாக்கியது. மத்திய அரசின் அறிவியல் துறைகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் துணை நின்றன. அங்கேயே மூளை அருங்காட்சியகமும் இருக்கிறது, பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். பெங்களூரில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர்கள் லால்பாக் மட்டும் பார்த்துவிட்டு வராமல் இதையும் பாருங்கள்.

இப்படிப்பட்ட வங்கிகளில் பொதுவான முறை இது. மூளையை நடுவில் இரண்டாகப் பிரிப்பார்கள். ஒரு பாதி ஃபார்மலினில். அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்து என்ன நோய் என்று உறுதிசெய்வார்கள். மறுபாதியைத் துண்டுகளாக்கி, எந்தப் பகுதி என்று எழுதி, வேகமாக உறையவைத்து மைனஸ் 80-ல் வைப்பார்கள். தொற்றுநோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை. வயது, இறப்புக்குக் காரணம், இறந்து எத்தனை மணி நேரத்தில் எடுத்தார்கள் என்ற விவரங்கள் எல்லாம் குறிப்பில். பெயர் ஆராய்ச்சியாளர் கைக்குப் போகாது, எண் மட்டும் போகும்.

நோயாளிகளின் மூளை மட்டும் போதாது. வியன்னாவில் நடந்த மாதிரி, ஒப்பிட நோயில்லாத மூளையும் வேண்டும். அது எங்கிருந்து கிடைக்கும்? நிம்ஹான்ஸ் வங்கிக்குப் பெரும்பாலும் சாலை விபத்தில் இறந்து பிரேதப் பரிசோதனைக்கு வருகிறவர்களின் குடும்பத்தார் ஒப்புதல் கொடுப்பதால் கிடைக்கிறது. படித்தபோது நெஞ்சு திக்கென்றது. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் சாலையில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் பைக்கில் வரும் பிள்ளைகள், கன்டெய்னர் லாரிகள். என்னிடம் படித்தவர்களிலேயே சிலரை இழந்திருக்கிறேன். ஹெல்மெட் போடுங்கடா என்று இங்கேயும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது நம் பக்கத்திலேயே. ஐஐடி மெட்ராஸில் 2022-ல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் தொடங்கினார்கள். முழு மூளையையும் உறையவைத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் செல் தெரியும் அளவுக்குப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் மறுபடியும் ஒன்றுசேர்க்கிறார்கள். டிசம்பர் 2024-ல் ‘தரணி’ என்ற பெயரில் ஒரு வரைபடத் தொகுப்பை வெளியிட்டார்கள். கருவில் 14-லிருந்து 24 வாரம் வரையிலான குழந்தைகளின் மூளை, 5,132 சீவல்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இந்த வேலையில் சென்னை மெடிஸ்கேனும், நம் தண்டலம் சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் பங்கெடுத்திருக்கின்றன. தினமும் பஸ்ஸில் தாண்டிப் போகிற இடம்!

அந்தச் சீவல் ஒன்றின் கனம் 20 மைக்ரான் என்று அவரிடம் படித்துக் காட்டினேன். எனக்கு அது வெறும் எண். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இருபது மைக்ரானா? மூளையிலயா? வெண்ணெய் மாதிரி இருக்குமே, எப்படி சீவுவான்?” அதனால்தான் உறையவைக்கிறார்கள் என்றேன். “முடி ஒண்ணு எழுபது மைக்ரான் இருக்கும். அதுல மூணுல ஒரு பங்கு” என்று சொல்லி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அளவு காட்டப் பார்த்தார். விரல் நிற்கவில்லை. இரண்டு பேருமே அதைப் பார்த்தோம், ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே சொன்னார். “நான் போனப்புறம் என் மூளையைக் குடுத்துடு. எனக்கு மாத்திரை குடுத்தவனுக்கு நான் பாக்கி வெச்சிருக்கேன்.”

வீட்டில் சொன்னதும் ஆளுக்கு ஒரு பக்கம். என் நாத்தனார் அழுதுவிட்டார். “அண்ணனை முழுசா அனுப்பி வைக்க வேணாமா அண்ணி? தலையைத் திறப்பாங்களா?” அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தகனத்தில் கபாலம் வெடித்தால்தான் உயிர் பிரியும் என்று கேட்டு வளர்ந்தவர். பெரியவன், “அப்பா இருக்கும்போதே இதையெல்லாம் ஏம்மா பேசறீங்க?” என்று எழுந்து போய்விட்டான். சின்னவன் மட்டும், “அப்பா பொருள், அப்பா முடிவு” என்றான். சொல்வது சுலபம். ஆனால் அந்த நாளில் அப்பா பேச மாட்டார். கையெழுத்துப் போட வேண்டியது நான்.

நாத்தனாருக்கு நான் விசாரித்துச் சொன்னது இது. முகத்தைத் தொட மாட்டார்கள். காதுக்குப் பின்னால் தலையின் பின்பக்கமாகத் திறந்து, எடுத்தபின் தைத்துவிடுவார்கள். முடியும் துணியும் மறைத்துவிடும். உடல் குடும்பத்துக்கே திரும்ப வரும். எண்ணெய் வைக்கலாம், மாலை போடலாம், எல்லாச் சடங்கும் செய்யலாம். கண் தானமும் சேர்த்தே செய்யலாம். அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் அழுகையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்திருக்கிறார். டீச்சருக்கு அது பெரிய முன்னேற்றம்.

நம் மாநிலத்தில் உறுப்பு தானம் புதிதல்ல. 2008-ல் நம் பழைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருக்கழுக்குன்றத்து மாணவர் ஹிதேந்திரனின் பெற்றோர் எடுத்த முடிவு எத்தனை பேர் மனதை மாற்றியது! 2023-லிருந்து உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஆனால் மூளை தானம் வேறு. இதயமோ சிறுநீரகமோ கொடுத்தால் இன்னொரு உடம்பில் துடிக்கும், ‘எங்க பிள்ளை அங்கே வாழறான்’ என்று ஆறுதல் கிடைக்கும். மூளையைக் கொடுத்தால் அந்த ஆறுதல் இல்லை. ஒரு பெட்டியில், ஒரு எண்ணாக, இருட்டில் இருக்கும். எப்போது எந்த விஞ்ஞானி எடுப்பார், என்ன கண்டுபிடிப்பார் என்று குடும்பத்துக்குத் தெரியப்போவதில்லை. அந்த ஆறு பேரின் குடும்பங்களுக்கும், ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபிட்டர் அதனால் நடக்கிறார் என்று தெரியாது.

இன்னும் இரண்டு விஷயம் என் மனதை உறுத்துகிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒன்று, தூரம். இறந்தபின் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. பொதுவாக 24 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் வெகு முன்னால். நம் வீட்டிலிருந்து பெங்களூரு சுமார் 300 கிலோமீட்டர். உயிர் பிரிந்த வீட்டில், சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருக்கும்போது, உடலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப முடியுமா? ஊர் என்ன சொல்லும்? அதனால் சென்னையிலேயே எடுத்து அனுப்ப வழி இருக்கிறதா, யார் செய்வார்கள், எந்த நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையெல்லாம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். அன்றைக்குத் தேட முடியாது. அவர் பார்க்கும் நரம்பியல் டாக்டரிடம் அடுத்த முறை கேட்கப் பட்டியல் போட்டிருக்கிறேன்.

இரண்டு, சம்மதம். நம் பகுதியில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். விபத்தில் ஒருவன் போனால், அவன் அப்பா இரண்டு நாள் ரயிலில் வந்து, மொழி தெரியாத ஊரில், பிணவறை வாசலில் நிற்பார். அவரிடம் ஒரு காகிதத்தை நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடு’ என்றால் போட்டுவிடுவார். அது சம்மதம் ஆகாது. அவர் மொழியில், உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ‘முடியாது என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு’ என்று சொல்லிக் கேட்டால்தான் அது தானம். அறிவியல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஏழையின் உடம்பு என்பதற்காகச் சுலபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுப்பதற்கு ஆள் குறைவு என்றால், படித்த நம்மைப் போன்றவர்கள் முதலில் முன்வர வேண்டும்.

விருப்பம் உள்ளவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். நீங்கள் எழுதி வைத்தாலும், அன்று குடும்பம் மறுத்தால் நடக்காது. நோய் சம்பந்தப்பட்ட எல்லாச் சீட்டு, ஸ்கேன், மருந்துப் பட்டியலையும் ஒரே ஃபைலில் போடுங்கள். நோயின் கதை இல்லாத மூளைக்கு மதிப்புக் குறைவு. எந்தத் தேதியில் என்ன மாறியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடர்புகொள்ள வேண்டிய இடத்தை நேரில் அல்லது போனில் உறுதிசெய்து, எண்ணை எல்லோர் செல்போனிலும் ஏற்றுங்கள். நோய் இல்லாதவர்களும் கொடுக்கலாம். ஒப்பிட அதுவும் வேண்டும் என்று மேலே சொன்னேனே!

நானும் கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறேன். எனக்கு நோய் இல்லை, இதுவரை. “உன் மூளையை எடுத்துப் பாத்தா உள்ளே முழுக்க வாய்ப்பாடுதான் இருக்கும்” என்கிறார் அவர்.

அவருடைய நோட்டைப் போன மாதம் ஆரம்பித்தேன். நாற்பது பக்க நோட்டு. காலை எத்தனை மணிக்கு மாத்திரை, எப்போது கை அடங்கியது, எத்தனை முறை நடையில் நின்றார், இரவு கனவில் கத்தினாரா, எல்லாம் எழுதுகிறேன். என்றோ ஒருநாள், நாங்கள் பார்க்கப்போகாத ஒரு ஆராய்ச்சியாளர், ஒரு எண்ணோடு சேர்த்து இதைப் படிக்கலாம். பெரியவன் இன்னும் இதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, நான் சமையலறையில் இருந்த நேரம், மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டியிருக்கிறான். மதியம் இரண்டரை மணிக்கான வரியை நான் எழுத மறந்திருந்தேன். அது அவன் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது: ‘மாத்திரை 2.30. கை அடங்கியது 3.15. அப்பா என்னோடு கேட் வரை நடந்தார்.’

இப்படி ஒரு முடிவை எடுத்த குடும்பம் உங்களுக்குத் தெரிந்தால், அல்லது எடுக்க நினைத்து முடியாமல் போயிருந்தால், கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். என்ன நடந்தது, யார் உதவினார்கள், எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள். என் நாத்தனாரும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார், அதனால் வார்த்தையில் கொஞ்சம் மரியாதை.